கார்ட்டில் போட்டுவிட்டுப் போனவர்களைத் திரும்ப அழைப்பது எப்படி?

ஆன்லைனில் கடை நடத்துகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. ஒருவர் கடைக்குள் வருகிறார். நாலைந்து பொருளைப் பார்க்கிறார். அளவும் நிறமும் பார்த்துத் தேர்ந்தெடுத்து ஒன்றிரண்டைக் கார்ட்டில் போடுகிறார். பணம் கட்டுகிற பக்கம் வரைக்கும் வந்துவிடுகிறார். அதற்குப் பிறகு ஆளைக் காணோம். கல்லாவில் பில் போடுகிற நேரத்தில் கூடையை அப்படியே தரையில் வைத்துவிட்டு வெளியே நடந்த மாதிரி.

இப்படிப் பாதியில் விட்டுப் போவதைத்தான் தொழிலில் ‘கார்ட் அபாண்டன்மென்ட்’ என்கிறார்கள். போனவரை மறுபடி அழைத்து வந்து அந்த வாங்குதலை முடிக்க வைப்பது ‘கார்ட் ரெகவரி’. இரண்டையும் முதல் முறையாகக் கேள்விப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரெகவரி என்றவுடன் பலருக்கும் ஞாபகம் வருவது கூப்பன் போட்ட மெயில். அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது: வந்தவர் எந்த இடத்தில், எதைப் பார்த்து நின்றார்? இது தெரியாமல் ஆயிரம் மெயில் அனுப்பினாலும், வாசலைப் பூட்டி வைத்துக்கொண்டு விருந்துக்கு அழைத்த கதைதான்.

பத்தில் ஏழு

ஆன்லைன் கடைகளின் செக்அவுட் பக்கங்களை, அதாவது முகவரி எழுதிப் பணம் கட்டுகிற பக்கங்களை, வருஷக்கணக்காக ஆராய்ந்து வருகிற நிறுவனம் டென்மார்க்கின் பேமார்ட் இன்ஸ்டிட்யூட். பல்வேறு ஆய்வுகளில் வந்த எண்களைத் திரட்டி அவர்கள் ஒரு சராசரி போட்டு வைத்திருக்கிறார்கள். அது பல ஆண்டுகளாக 70 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. கார்ட்டில் பொருள் போடுகிற பத்துப் பேரில் ஏழு பேர் வாங்காமல் போகிறார்கள்.

கணக்கு சுலபம். ஒரு மாதத்தில் 1000 கார்ட்டுகள் தொடங்கப்பட்டு, அதில் 300 ஆர்டராக முடிந்தால் மீதி 700. அதாவது 70 சதவீதம். உங்கள் கடைக்கு இந்த எண் 60 ஆகவும் இருக்கலாம், 80 ஆகவும் இருக்கலாம். விலை கூடின பொருள் விற்கிறவர்களுக்கும், அவசரத் தேவைக்கான பொருள் விற்கிறவர்களுக்கும் ஒரே எண் வராது. அடுத்தவர் கடை எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிட்டுக் கவலைப்படுவதைவிட, உங்களுடைய போன மாத எண்ணோடு இந்த மாத எண்ணை ஒப்பிடுவதுதான் பிரயோஜனம்.

இந்த 70-ஐப் பார்த்தவுடன், ‘இத்தனை வியாபாரம் கையை விட்டுப் போய்விட்டதே’ என்று பதறுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பதற்றம் தேவையில்லை. பலருக்குக் கார்ட் என்பது ஒரு குறிப்பேடு. பிடித்ததை எடுத்து வைப்பார்கள். இரண்டு மூன்று கடைகளில் ஒரே பொருளைக் கார்ட்டில் போட்டு விலை பார்ப்பார்கள். டெலிவரி கட்டணம் எவ்வளவு என்று தெரிந்துகொள்வதற்கென்றே போடுவார்கள், ஏனென்றால் பல கடைகளில் அதைத் தெரிந்துகொள்ள வேறு வழி கிடையாது. பேமார்ட்டின் கணக்கெடுப்பிலேயே, ‘சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன், வாங்குகிற முடிவுக்கு வரவில்லை’ என்று சொன்னவர்கள்தான் பெரிய கூட்டம். இவர்களை விரட்டிப் பிடிப்பதில் அர்த்தமில்லை. வாங்க நினைத்து, வாங்க வந்து, ஏதோ ஒன்று தடுத்ததால் திரும்பிப் போனவர்கள் இருக்கிறார்களே, ரெகவரி அவர்களுக்காகத்தான்.

இந்த இரண்டு கூட்டத்தையும் பிரித்துப் பார்க்க, அவர்கள் எதுவரை வந்தார்கள் என்று பார்க்க வேண்டும். பொருளின் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போனவர் ஒரு வகை. கார்ட்டில் போட்டுவிட்டுச் செக்அவுட்டைத் தொடாமல் போனவர் இன்னொரு வகை. முகவரியெல்லாம் எழுதிய பிறகு போனவர் மூன்றாவது வகை. பணம் கட்டுகிற பொத்தானை அழுத்தியும் பரிவர்த்தனை தோற்றுப்போனவர் நான்காவது வகை. கீழே போகப் போக எண்ணிக்கை குறையும், வாங்குகிற எண்ணம் கூடும். நாலு பேருக்கும் ஒரே மெயில் அனுப்புகிற கடைகள்தான் அதிகம். இந்தத் துறையில் நான் பார்க்கிற பெரிய தவறு அதுதான்.

கடைக்கு எப்படித் தெரிகிறது?

கார்ட்டில் என்ன இருக்கிறது என்று கடை ஞாபகம் வைத்திருப்பதற்குப் பின்னால் ஒரு சின்ன வரலாறு இருக்கிறது. இணையத்தின் அடிப்படை நெறிமுறைக்கு ஞாபக சக்தி கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்டால் கொடுக்கும், அடுத்த பக்கத்தைக் கேட்கும்போது கேட்பது அதே ஆள்தானா என்று அதற்குத் தெரியாது. 1994-இல் நெட்ஸ்கேப் என்ற உலாவி நிறுவனத்தில் வேலை செய்த லூ மான்டுல்லி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். உலாவியிலேயே ஒரு சின்னக் குறிப்பை எழுதி வைப்பது, அடுத்த முறை வரும்போது அதைக் காட்டச் சொல்வது. குக்கி என்று இன்று நாம் சொல்வது அதைத்தான். அவரை அதை நோக்கித் தள்ளிய காரணங்களில் முக்கியமானது ஆன்லைன் கார்ட்தான். கார்ட்டில் உள்ளதை வாடிக்கையாளரின் கம்ப்யூட்டரிலேயே வைத்திருக்க வழி உண்டா என்ற கேள்விக்கு வந்த பதில் அது.

ஆனால் குக்கிக்கு ஆயுள் குறைவு. போனில் கார்ட்டில் போட்டவர் லேப்டாப்பில் வந்து பார்த்தால் கார்ட் காலியாக இருக்கும், ஏனென்றால் குறிப்பு எழுதப்பட்டது போனில். ஆப்பிளின் சஃபாரி உலாவி 2019 முதல், பக்கத்துக்குள் ஓடுகிற சின்ன நிரல் (ஸ்கிரிப்ட்) எழுதுகிற குக்கிகளை ஏழு நாளுக்கு மேல் வைத்திருப்பதில்லை. ‘சம்பளம் வந்ததும் வாங்கிக்கொள்ளலாம்’ என்று எடுத்து வைத்தவர் பத்தாம் நாள் வந்து பார்க்கும்போது கார்ட்டில் ஒன்றுமே இல்லாமல் போகலாம். அவர் போகவில்லை, நாம்தான் அவர் பொருளைத் தொலைத்துவிட்டோம். கார்ட்டை உலாவியில் மட்டும் வைக்காமல் கடையின் சர்வரிலும் சேமித்து வைப்பது ரெகவரியின் முதல் வேலை. யாருக்கும் ஒரு மெயிலும் அனுப்பாமலேயே இதனால் சிலர் திரும்பி வந்துவிடுவார்கள்.

திரும்ப அழைக்க வேண்டுமென்றால் இன்னொன்றும் வேண்டும்: அவர் யார், எப்படித் தொடர்புகொள்வது என்ற விவரம். லாகின் செய்தவர் என்றால் கையில் இருக்கும். இல்லையென்றால் செக்அவுட்டில் மின்னஞ்சலையோ போன் நம்பரையோ கொடுத்திருக்க வேண்டும். அதனால்தான் பல கடைகள் செக்அவுட்டின் முதல் கட்டத்திலேயே அதைக் கேட்கின்றன. அது நியாயமான ஏற்பாடுதான், ஆர்டர் விவரம் அனுப்பவும் அது தேவை. ஆனால் கட்டத்தில் எழுதிவிட்டு, ‘அடுத்து’ என்ற பொத்தானை அழுத்தாமலே போனவரின் முகவரியை எழுத்து எழுத்தாகப் பிடித்து வைத்துக்கொண்டு மெயில் அனுப்புகிற கருவிகளும் இருக்கின்றன. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அவர் கொடுக்கவில்லை, நாம் எடுத்துக்கொண்டோம். அப்படி வருகிற மெயிலைப் பார்க்கிறவருக்கு முதலில் தோன்றுவது, ‘என் முகவரி இவர்களுக்கு எப்படிக் கிடைத்தது?’ என்பதுதான்.

ஏன் நின்றார்?

ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். இரவு பதினொன்றரை மணி. படுக்கையில் படுத்தபடி போனில் ஒரு கருநீல ஷூ பார்க்கிறார். பிடித்துவிட்டது. அளவு 7 தேர்ந்தெடுத்துக் கார்ட்டில் போடுகிறார். இதுவரை எல்லாம் சுகம்.

செக்அவுட் பக்கம். மேலே ஒரு விலை இருக்கிறது, கீழே மொத்தம் என்று வேறொரு தொகை இருக்கிறது. நடுவில் டெலிவரி கட்டணம் சேர்ந்திருக்கிறது, ‘கையாளும் கட்டணம்’ என்று புரியாத ஏதோ ஒன்றும் சேர்ந்திருக்கிறது. கொஞ்சம் முகம் சுளித்தாலும் ஷூ பிடித்திருப்பதால் மேலே போகிறார். லாகின் செய்யச் சொல்கிறது. போன வருஷம் இங்கே ஏதோ வாங்கிய ஞாபகம் இருக்கிறது. மின்னஞ்சலை எழுதி, ஞாபகத்தில் இருக்கிற பாஸ்வேர்டைப் போடுகிறார். தவறு. இன்னொன்று. தவறு. ‘பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா?’ என்பதை அழுத்துகிறார். மெயில் அனுப்பியிருக்கிறோம் என்கிறது. மெயிலைத் திறக்கப் போகிறார். அங்கே அலுவலகத்திலிருந்து வந்த ஒரு கடிதம் மேலே நிற்கிறது. அதைப் படிக்கிறார், பதில் யோசிக்கிறார், போனை வைத்துவிட்டுத் தூங்கிப் போகிறார்.

கடையின் கணக்கில் இது ஒரு அபாண்டன்மென்ட். அவர் கணக்கில் அப்படி ஒன்று நடக்கவே இல்லை. அவர் அந்த ஷூவை வேண்டாம் என்று ஒரு நொடிகூட நினைக்கவில்லை.

இந்த லாகின் விஷயத்தில், இணையதளங்களைப் பயன்படுத்துகிறவர்களின் அனுபவத்தை ஆராய்கிற ஜாரெட் ஸ்பூல் 2009-இல் எழுதிய ஒரு சம்பவம் இந்தத் துறையில் பிரசித்தம். பெரிய அமெரிக்கக் கடை ஒன்று. செக்அவுட்டுக்கு முன்னால் ஒரு சின்னப் படிவம்: மின்னஞ்சல், பாஸ்வேர்ட், ‘லாகின்’ பொத்தான், ‘பதிவு செய்க’ பொத்தான். பழைய வாடிக்கையாளர்களுக்கு இது வசதி, புதியவர்களுக்கு ஒரு நிமிட வேலை என்றுதான் கடைக்காரர்கள் நினைத்திருந்தார்கள். வாங்க வந்தவர்களை உட்கார வைத்துப் பார்த்தபோது, புதியவர்களுக்கு அந்தப் பதிவு எரிச்சலாக இருந்தது. பழையவர்களுக்கும் வசதியாக இல்லை, எந்த மின்னஞ்சல், எந்த பாஸ்வேர்ட் என்று ஞாபகமில்லை. ஒரே ஆள் பல தடவை பதிவு செய்திருந்தார். அந்த வகையில் மொத்த வாடிக்கையாளர்களில் 45 சதவீதம் பேருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கணக்குகள் இருந்தன. ஒரு நாளைக்கு 1,60,000 பேர் பாஸ்வேர்ட் கேட்டார்கள். கேட்டவர்களில் 75 சதவீதம் பேர் அதற்குப் பிறகு வாங்குவதற்கு முயற்சிகூடச் செய்யவில்லை. நம் ஷூக்காரர் மாதிரியேதான்.

தீர்வு ஆச்சரியப்படுகிற அளவு சின்னது. ‘பதிவு செய்க’ பொத்தானை எடுத்துவிட்டு ‘தொடர்க’ என்று ஒரு பொத்தான் வைத்தார்கள். வாங்குவதற்குக் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை என்று பக்கத்தில் ஒரு வரி எழுதினார்கள். வாங்கி முடித்தவர்களின் எண்ணிக்கை 45 சதவீதம் கூடியது. முதல் ஆண்டில் கூடுதலாக வந்த விற்பனை 30 கோடி டாலர். எந்தக் கூப்பனும் இல்லாமல், ஒரு மெயிலும் அனுப்பாமல். கெஸ்ட் செக்அவுட் என்று நாம் இப்போது சொல்வது இதுதான்.

மற்ற காரணங்களில் எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது கடைசியில் சேர்கிற கட்டணங்கள். பேமார்ட்டின் கணக்கெடுப்புகளில், சும்மா பார்க்க வந்தவர்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், விட்டுப் போனதற்குக் காரணமாக மிக அதிகம் பேர் சொல்வது டெலிவரி, வரி, இதர கட்டணங்கள் கூடுதலாக இருந்தது என்பதைத்தான். சில ஆண்டுகளின் கணக்கெடுப்பில் கிட்டத்தட்டப் பாதிப் பேர். இதில் நுட்பமான ஒன்று உண்டு. தொகை மட்டும் அவர்களை விரட்டுவதில்லை, அது வருகிற நேரமும் சேர்ந்துதான் விரட்டுகிறது. பொருளின் பக்கத்திலேயே ‘டெலிவரிக்கு இவ்வளவு ஆகும்’ என்று பார்த்தவர் மனசுக்குள் கூட்டிக்கொண்டுதான் மேலே வருகிறார். அதே தொகையைக் கடைசிப் பக்கத்தில் பார்க்கிறவருக்கு ஏமாற்றப்பட்ட உணர்வு வருகிறது. எனவே இலவச டெலிவரி கொடுக்க முடியாத கடைகள்கூடச் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது: மொத்தத்தை முன்கூட்டியே காட்டுவது.

படிவத்தின் நீளமும் ஆளைக் கொல்லும். அதைவிடக் கொடுமை, படிவத்தின் முரட்டுத்தனம். போன் நம்பர் கட்டத்தைத் தொட்டால் எண்கள் வராமல் எழுத்துகள் உள்ள கீபோர்டு வருவது. நம்பருக்கு நடுவில் ஒரு இடைவெளி விட்டால் ‘தவறான எண்’ என்று சிவப்பு எழுத்தில் திட்டுவது. ஒரு கட்டத்தில் பிழை என்றால் எழுதிய எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதச் சொல்வது. கடைசியில் சொன்னது நடக்கிற இடத்தில் யாரும் இரண்டாம் தடவை எழுதுவதில்லை. அமேசான் 1999-இல் ஒரே அழுத்தில் வாங்குகிற முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியதும், அடுத்த ஆண்டே ஆப்பிள் பணம் கொடுத்து அதற்கு உரிமம் பெற்றதும் படிவம் எவ்வளவு பெரிய தடை என்பதற்குச் சாட்சி. அந்தக் காப்புரிமை 2017-இல் காலாவதியாகிவிட்டது, இப்போது யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

கூப்பன் கட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘கூப்பன் கோடு இருந்தால் இங்கே எழுதவும்’ என்று ஒரு காலிக் கட்டம் பளிச்சென்று இருந்தால், கோடு இல்லாதவருக்கு என்ன தோன்றும்? யாருக்கோ குறைந்த விலையில் கிடைக்கிறது, எனக்குத்தான் இல்லை. உடனே இன்னொரு பக்கத்தைத் திறந்து கோடு தேடப் போவார். தேடப் போன இடத்தில் போட்டிக் கடையின் விளம்பரம் நிற்கும். அந்தக் கட்டத்தைச் சின்ன எழுத்தில் ஒரு இணைப்பாக மாற்றி வைத்தாலே போதும்.

நம்பிக்கை இல்லாமல் திரும்புகிறவர்கள் உண்டு: திருப்பிக் கொடுக்க முடியுமா என்று தெரியவில்லை, கிரெடிட், டெபிட் கார்டு நம்பரைக் கொடுக்கப் பயமாக இருக்கிறது, கடையின் போன் நம்பரே எங்கும் இல்லை. டெலிவரி தாமதமாகும் என்று போகிறவர்கள் உண்டு. தாங்கள் வழக்கமாகப் பணம் கட்டுகிற வழி அங்கே இல்லாததால் போகிறவர்கள் உண்டு.

பணம் கட்ட முயன்று தோற்றவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஓடிபி வராமல் போகிறது, வங்கியின் பக்கம் திறக்கவில்லை, கார்டு நிராகரிக்கப்படுகிறது. இவர்கள் பர்ஸைத் திறந்து பணத்தை நீட்டியவர்கள். நாம்தான் வாங்கிக்கொள்ளவில்லை. கூடவே இன்னொரு பயமும் அவர்களுக்கு இருக்கும்: ‘கணக்கிலிருந்து பணம் போய்விட்டதா?’ எந்த ரெகவரி வேலையையும் இவர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன். எண்ணிக்கையில் குறைவு, ஆனால் திரும்பி வர மிகவும் தயாராக இருப்பவர்கள்.

அழைக்கிற விதம்

இப்போது மெயிலுக்கு வரலாம். நம் ஷூக்காரருக்கு மறுநாள் காலையில் இப்படி ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: ‘அச்சச்சோ! எதையோ மறந்துவிட்டீர்கள்! உங்கள் கார்ட் உங்களுக்காக ஏங்குகிறது! சீக்கிரம், 10 சதவீதம் தள்ளுபடி, இன்று மட்டும்!’

அவர் ஷூவை மறக்கவில்லை, பாஸ்வேர்டைத்தான் மறந்தார். இந்த மெயிலை அழுத்தினால் மறுபடி அதே லாகின் பக்கம்தான் வரும். தள்ளுபடி அவருடைய சிக்கலைத் தீர்க்கவில்லை.

இதையே இப்படி எழுதிப் பார்க்கலாம்: ‘நீங்கள் எடுத்து வைத்த கருநீல ஷூ, அளவு 7, உங்கள் கார்ட்டில் அப்படியே இருக்கிறது. கீழே உள்ள இணைப்பை அழுத்தினால் நேராகக் கார்ட்டுக்குப் போகலாம், லாகின் தேவையில்லை. டெலிவரி சேர்த்து மொத்தத் தொகை இதோ. அளவு பொருந்தவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம், அதற்கான வழி இங்கே. ஏதாவது கேட்க வேண்டுமென்றால் இந்த மெயிலுக்கே பதில் எழுதுங்கள், எங்கள் ஆள் ஒருவர் படிப்பார்.’ பொருளின் படம், ஒரே ஒரு பொத்தான். வேறெதுவும் வேண்டாம். ‘இவையும் உங்களுக்குப் பிடிக்கலாம்’ என்று கீழே பத்துப் பொருளைக் காட்டினால் முடிவெடுத்துவிட்ட ஆளை மறுபடி குழப்பத்தில் இறக்கிவிடுகிறோம்.

அந்த இணைப்பு முக்கியமானது. அழுத்தியதும் அவர் தேர்ந்தெடுத்த அதே அளவு, அதே நிறத்தோடு கார்ட் திறக்க வேண்டும், போனில் போட்டிருந்தாலும் லேப்டாப்பில் திறந்தாலும். முகப்புப் பக்கத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டால், மறுபடி தேடி எடுக்க யாருக்கும் பொறுமை இருக்காது. ஆனால் லாகின் இல்லாமல் திறக்கிற கார்ட்டில் அவருடைய முகவரியும் கார்டு விவரமும் தெரியக் கூடாது. மெயிலை வேறு யாராவது திறந்துவிடலாம் அல்லவா.

எப்போது அனுப்புவது? வழக்கமாக முதல் மெயில் ஒரு மணி நேரத்துக்குள், இரண்டாவது மறுநாள், மூன்றாவது தேவைப்பட்டால் இரண்டு மூன்று நாள் கழித்து. முதல் மெயிலில் ஞாபகமூட்டலும் உதவியும் மட்டும். இரண்டாவதில் சந்தேகம் தீர்க்கிற விஷயங்கள்: வாங்கியவர்கள் என்ன சொல்கிறார்கள், அளவு பார்ப்பது எப்படி, திருப்பிக் கொடுப்பது எப்படி. மூன்றோடு நிறுத்திவிட வேண்டும். நான்காவது மெயிலில் நாம் கடைக்காரர் இல்லை, தொல்லை கொடுப்பவர். விலை உயர்ந்த பொருள் என்றால் இடைவெளியை நீட்டலாம். வீட்டில் கலந்து பேசி வாங்குகிற பொருளுக்கு ஒரு மணி நேரத்தில் அவசரப்படுத்துவது பொருந்தாது.

பணம் கட்டும்போது தோற்றவருக்கு மட்டும் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம். ‘உங்கள் பணம் எங்களுக்கு வந்து சேரவில்லை, ஆர்டர் பதிவாகவில்லை. பொருளை உங்களுக்காக எடுத்து வைத்திருக்கிறோம். வேறு வழியில் கட்டிப் பார்க்க இங்கே அழுத்துங்கள். கணக்கிலிருந்து பணம் கழிந்திருந்தால் இந்த நம்பரில் சொல்லுங்கள்’ என்று சில நிமிடங்களுக்குள் போய்ச் சேர வேண்டும். சின்னக் கடையாக இருந்தால், பெரிய ஆர்டர் என்றால், போன் செய்தே பேசலாம்.

இரண்டு கவனக்குறைவுகள் கடையின் பெயரைக் கெடுக்கும். ஏற்கெனவே வாங்கிவிட்டவருக்கு ‘கார்ட் காத்திருக்கிறது’ என்று மெயில் போவது ஒன்று. தீர்ந்துபோன பொருளுக்கு வரச் சொல்வது இன்னொன்று. ஒவ்வொரு மெயிலும் கிளம்புகிற நொடியில், ஆர்டர் ஆகிவிட்டதா, இருப்பு இருக்கிறதா என்று கருவி பார்த்துவிட்டு அனுப்புகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

கூப்பனைக் கடைசியில் வைத்திருக்கிறேன், காரணத்தோடுதான். முதல் மெயிலிலேயே தள்ளுபடி கொடுக்கிற கடையில் வாடிக்கையாளர் இரண்டாவது தடவையே பாடம் கற்றுக்கொள்வார்: கார்ட்டில் போடு, விட்டுவிட்டுப் போ, நாளைக்குக் கூப்பன் வரும். முழு விலை கொடுக்கத் தயாராக இருந்தவருக்கும் நாமே விலையைக் குறைத்துவிட்டோம். ஒழுங்காக உடனே வாங்கியவர், விட்டுப் போனவரைவிட அதிகம் கொடுத்தார் என்று ஆகிறது. இது அவருக்குத் தெரிய வந்தால் வருத்தப்படுவார், அந்த வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. கொடுத்தே ஆக வேண்டுமென்றால் மூன்றாவது மெயிலில், முதல் முறை வாங்குகிறவருக்கு, ஒரே ஒரு தடவை. டெலிவரி கட்டணத்தைப் பார்த்து நின்றவர் என்று தெரிந்தால் விலையைக் குறைக்காமல் டெலிவரியை இலவசமாக்குவது பொருத்தமாக இருக்கும்.

‘இன்னும் 10 நிமிடம்தான்’ என்று ஓடுகிற போலிக் கடிகாரம், ‘கடைசி 2 மட்டுமே’ என்கிற பொய் வேண்டவே வேண்டாம். கொஞ்ச நேரத்துக்குத்தான் கிடைக்கும் என்று பொய் சொல்லி அவசரப்படுத்துவது ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்தில் வெளிப்படையாகத் தடை செய்யப்பட்ட வியாபார முறை. சட்டமே இல்லாத இடத்திலும், பக்கத்தைப் புதுப்பித்தால் கடிகாரம் மறுபடி பத்திலிருந்து தொடங்குவதைப் பார்த்தவர் அந்தக் கடையின் எந்த வரியையும் பிறகு நம்ப மாட்டார்.

மெயில் அனுப்ப அனுமதி வாங்குவதும் அப்படித்தான். ஐரோப்பாவில் 2018 முதல் நடைமுறையில் இருக்கிற ஜிடிபிஆர் போலப் பல நாடுகளில் தனிப்பட்ட தகவலைக் காக்கும் சட்டங்கள் இருக்கின்றன. உங்கள் வாடிக்கையாளர் இருக்கிற நாட்டின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். மெயில் நிறுவனங்களே இப்போது கறாராகிவிட்டன. ஜிமெயிலும் யாஹூவும் 2024 பிப்ரவரி முதல், மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்கள் ஒரே அழுத்தில் விலகிக்கொள்ளும் வசதி தர வேண்டும், ஸ்பாம் என்ற புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்று விதித்திருக்கின்றன. தொல்லை கொடுத்தால் ஆர்டர் உறுதிசெய்கிற மெயில்கூட ஸ்பாம் பெட்டிக்குப் போய்விடும். எஸ்எம்எஸ், வாட்ஸ்அப், போன் நோட்டிஃபிகேஷன் ஆகியவை மெயிலைவிடச் சீக்கிரம் கண்ணில் படும், அதே அளவுக்குச் சீக்கிரம் எரிச்சலும் தரும். கேட்டு, சம்மதம் வாங்கி, ஒரு தடவை அனுப்புவதோடு வைத்துக்கொள்வது நல்லது.

வந்தவர் உங்களால்தான் வந்தாரா?

ரெகவரி கருவி மாதக் கடைசியில் ஒரு அறிக்கை தரும்: ‘இத்தனை ஆர்டரை மீட்டோம்’. அந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். மெயில் போகாவிட்டாலும் தானாகத் திரும்பி வந்திருக்கக்கூடியவர்களும் அதில் சேர்ந்திருப்பார்கள்.

உண்மை தெரிய ஒரு சோதனை போதும். விட்டுப் போன 1000 பேரை, யார் எவர் என்று பார்க்காமல், குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரியுங்கள். 500 பேருக்கு மெயில் அனுப்புங்கள், 500 பேருக்கு அனுப்பாதீர்கள். உதாரணத்துக்கு, மெயில் போனவர்களில் 55 பேர் வந்து வாங்கினார்கள், போகாதவர்களில் 40 பேர் வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். கருவியின் அறிக்கை 55 என்று சொல்லும். மெயிலால் வந்தவர்கள் 15 பேர்தான், மீதி 40 பேர் எப்படியும் வந்திருப்பார்கள். அந்த 55 பேருக்கும் கூப்பன் கொடுத்திருந்தால், 15 பேரைக் கொண்டுவர 55 பேருக்குத் தள்ளுபடி கொடுத்திருக்கிறீர்கள். இந்தக் கணக்கைப் போட்ட பிறகு கூப்பனை நிறுத்தியவர்கள் உண்டு. இன்னும் பெரிய எண்ணிக்கையில், இன்னும் சில வாரங்கள் ஓட்டினால்தான் வித்தியாசம் உண்மையா தற்செயலா என்று தெரியும், அவசரப்பட வேண்டாம்.

மெயிலை எத்தனை பேர் திறந்தார்கள் என்கிற எண்ணை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. 2021 செப்டம்பரில் ஆப்பிள் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த பாதுகாப்பு வசதி, பெறுகிறவர் பார்க்கிறாரோ இல்லையோ, மெயிலில் உள்ள படங்களை முன்கூட்டியே இறக்கி வைத்துவிடுகிறது. திறக்காத மெயிலும் திறந்ததாகக் கணக்கில் வரும். எத்தனை பேர் வாங்கினார்கள், எத்தனை பேர் ‘இனி அனுப்பாதே’ என்று விலகினார்கள், இந்த இரண்டும்தான் பார்க்க வேண்டியவை.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், கருவி எதையும் வாங்குவதற்கு முன்னால் இன்று இரவு ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் போனில், உலாவியில் ஒரு தனிமறைவு (இன்காக்னிட்டோ) தாவலைத் திறந்து, புதிய ஆளாக உங்கள் கடைக்குள் போங்கள். வைஃபையை அணைத்துவிடுங்கள். ஒரு பொருளை எடுத்துப் பணம் கட்டுகிற வரைக்கும் போங்கள், கட்டியும் விடுங்கள். மொத்தத் தொகையை முதலில் எந்தப் பக்கத்தில் பார்த்தீர்கள், எத்தனை கட்டங்களை நிரப்பினீர்கள், எங்கே விரல் நின்றது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் பேமென்ட் கேட்வேயின், அதாவது உங்கள் கடைக்காகப் பணம் வாங்கித் தருகிற சேவையின், பக்கத்தைத் திறந்து, இந்த வாரம் தோற்றுப்போன பரிவர்த்தனைகளின் பட்டியலை எடுங்கள். அதில் மேலே இருக்கிற பெயருக்கு நீங்களே ஒரு மெயில் எழுதுங்கள், பணம் வந்து சேரவில்லை என்றும், பொருள் இன்னும் இருக்கிறது என்றும்.